'ஆட்டோ', 'இண்டிகா', 'ஹைட்ரோ': கஞ்சா பாக்கெட்டின் லேபிள் ஒன்று சொல்லும், சட்டம் வேறு கேட்கும்

செம்பூரில் மூன்று பேர் சேர்ந்து எடுத்த ஒரு 2 பிஹெச்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில். ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுங்காவில் இட்லியும் ஃபில்டர் காபியும் முடித்துவிட்டு வீடு திரும்புகிறீர்கள். ரூம்மேட் ஒரு சின்ன பாக்கெட்டை நீட்டுகிறார். உள்ளே மூன்று விதைகள். மேலே பளபளவென்று அச்சடித்திருக்கிறது: ஆட்டோ. ஃபெமினைஸ்டு. இண்டிகா 70%. டிஹெச்சி 22%.

"மச்சி, இது வெறும் விதைதான்டா. சட்டத்துல விதையைச் சேர்க்கவே இல்ல. பால்கனில ஒரே ஒரு தொட்டி. யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை நம்பி விதையை மண்ணில் போட்டால், பத்து வருஷம் வரை சிறைத்தண்டனை தரக்கூடிய ஒரு பிரிவு காத்திருக்கிறது. அதில் உங்கள் பெயரும் சேரலாம். பாக்கெட்டில் இருக்கும் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம், அவற்றில் எதை நம்பலாம், இந்தியச் சட்டம் அவற்றில் எதையாவது கண்டுகொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'ஆட்டோ' என்றால் என்ன?

சயனைத் தாண்டித் தெற்கே போகாத நம்ம ஆட்டோ இல்லை இது. 'ஆட்டோஃப்ளவரிங்', அதாவது தானாகப் பூக்கும் ரகம்.

நெல்லை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். பழைய சம்பா ரகங்கள் பல, இரவு நீளும் பருவம் வந்தால்தான் கதிர் விடும். முன்னால் விதைத்தாலும் பின்னால் விதைத்தாலும் அவை காத்திருக்கும். குறுவையில் போடும் ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்றவை அப்படி இல்லை. பகல் நீளம் எப்படி இருந்தாலும் சுமார் 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும்.

கஞ்சாவிலும் இதே பிரிவு உண்டு. சாதாரண ரகங்கள் சம்பா மாதிரி, இரவு நீள்வதை உணர்ந்து பூப்பவை. இவற்றை 'ஃபோட்டோபீரியட்' என்கிறார்கள். ஆட்டோ ரகங்கள் குறுவை மாதிரி, வயது வந்தால் பூத்துவிடும்.

இந்தக் குணம் 'ருடராலிஸ்' என்ற குட்டைச் செடியிலிருந்து வந்தது. 1924-ல் ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷேவ்ஸ்கி அதற்குப் பெயர் வைத்தார். கோடைக்காலம் மிகக் குறுகிய வடக்குப் பகுதியில் பகல் நீளத்துக்காகக் காத்திருக்கும் செடி பிழைக்காது. அதனால் அது காலண்டரைப் பார்க்காமல் பூக்கப் பழகிவிட்டது. ருடராலிஸில் டிஹெச்சி, அதாவது போதை தரும் வேதிப்பொருள், மிகக் குறைவு. 2000-களின் தொடக்கத்தில் 'ஜாயின்ட் டாக்டர்' என்ற புனைபெயர் கொண்ட ஒரு ப்ரீடர் இதை மற்ற ரகங்களோடு கலந்து 'லோரைடர்' என்ற விதையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று ஆட்டோ என்று விற்கப்படும் ரகங்களின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

லேபிளில் இருக்கும் மற்ற சொற்கள்?

சட்டபூர்வமாக விற்கும் நாடுகளில் விதை நிறுவனங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சொற்கள் இவை:

ஃபெமினைஸ்டு: பெண் செடிகளை மட்டுமே தரும்படி உருவாக்கிய விதை. கஞ்சாவில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. டிஹெச்சி அதிகம் சேர்வது பெண் பூவில்.

ரெகுலர்: ஆணும் பெண்ணும் கலந்து வரும் சாதாரண விதை.

ஃபாஸ்ட்: ஆட்டோவையும் ஃபோட்டோபீரியடையும் கலந்த முதல் தலைமுறை. ஆட்டோ குணம் ஓர் ஒடுங்கு பண்பு. பள்ளியில் படித்த மெண்டல் ஞாபகம் இருக்கிறதா? தாய், தந்தை இரண்டிலிருந்தும் வந்தால்தான் அது வெளிப்படும். அதனால் 'ஃபாஸ்ட்' என்று எழுதியிருப்பது முழு ஆட்டோ இல்லை.

எஃப்1: இரண்டு நிலையான பெற்றோர் வரிசைகளைக் கலந்த முதல் தலைமுறை. தக்காளி, மிளகாய் விதையில் பார்க்கும் அதே எஃப்1. ஆனால் பெற்றோர் வரிசை உண்மையிலேயே நிலையானதா என்பதற்கு நிறுவனத்தின் வார்த்தைதான் சாட்சி.

கவனியுங்கள்: ஆட்டோ என்பது எப்போது பூக்கும் என்பதைச் சொல்கிறது. ஃபெமினைஸ்டு என்பது ஆணா பெண்ணா என்பதைச் சொல்கிறது. இரண்டுமே அந்தச் செடி உடலுக்கும் மூளைக்கும் என்ன செய்யும் என்பதைச் சொல்வதில்லை.

இண்டிகா என்றால் தூக்கம், சாட்டிவா என்றால் சுறுசுறுப்பு. உண்மையா?

எல்லோரும் சொல்வார்கள். ஆய்வுகள் சொல்வது வேறு.

1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர் 'கன்னாபிஸ் சாட்டிவா'. சாட்டிவா என்றால் லத்தீனில் 'பயிரிடப்படுவது', அவ்வளவுதான். 1785-ல் லமார்க், 'கன்னாபிஸ் இண்டிகா' என்று தனி இனமாகப் பிரித்தார். அதற்கு அடிப்படை, பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இந்தியாவிலிருந்து சேகரித்த மாதிரிகள். சொன்னெராவுக்குப் புதுச்சேரியோடு நீண்ட தொடர்பு உண்டு. அதாவது 'இண்டிகா' என்ற சொல்லுக்கு முதல் அர்த்தம், இந்தியாவிலிருந்து வந்தது என்பதுதான். தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2015-ல் கனடா ஆய்வாளர்கள் 81 கஞ்சா மாதிரிகளையும் 43 ஹெம்ப் மாதிரிகளையும் மரபணு ரீதியாக ஒப்பிட்டார்கள். ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு மாதிரிகள், வேறு பெயர் கொண்டவற்றைவிட ஒன்றுக்கொன்று தூரமாக இருந்த சம்பவங்கள் பல. 2021-ல் நேச்சர் பிளான்ட்ஸ் இதழில் வந்த இன்னொரு ஆய்வில் சுமார் 300 மாதிரிகள். அதன் முடிவு: இண்டிகா, சாட்டிவா என்ற லேபிளுக்கும் செடியின் மொத்த மரபணுவுக்கும் பெரிய தொடர்பில்லை. சில வாசனைப் பொருட்களோடு மட்டும் தொடர்பு தெரிகிறது. மண்வாசனை அடித்தால் இண்டிகா என்றும், இனிப்பான மூலிகை வாசனை அடித்தால் சாட்டிவா என்றும் விற்பவர்கள் எழுதியிருக்கக்கூடும். மூக்குதான் பெயர் வைத்திருக்கிறது.

அந்த '22%' ஆவது சரியா இருக்குமா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கஞ்சா விற்பனை சட்டபூர்வம், ஆய்வகச் சோதனையும் கட்டாயம். அங்கே 10 கடைகளில் வாங்கிய 23 மாதிரிகளைச் சோதித்து 2023-ல் ஒரு ஆய்வு வெளியானது. சுமார் 70% மாதிரிகளில் டிஹெச்சி, லேபிளில் சொன்னதைவிட 15 சதவீதத்துக்கும் மேல் குறைவாக இருந்தது. லேபிள்களின் சராசரி 20 முதல் 24% வரை. சோதனையில் வந்த சராசரி சுமார் 15%.

அதிக எண்ணுக்கு அதிக விலை கிடைக்கும் சந்தையில் எண் எந்தப் பக்கம் சாயும் என்பது உங்களுக்கே தெரியும்.

இது வெறும் நுகர்வோர் பிரச்சினை இல்லை. 10% அல்லது அதற்கு மேல் டிஹெச்சி உள்ள கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் ஏற்படும் வாய்ப்பு, எடுக்காதவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று 2019-ல் லேன்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வு காட்டியது. சோதனை கட்டாயமான இடத்திலேயே எண் தவறும்போது, இங்கே ஜிப் கவரில் வரும் எண்ணுக்கு என்ன மதிப்பு?

நம்ம ஊர் விதைச் சட்டம் இதைப் பார்க்காதா?

நெல் விதை மூட்டையில் ஒரு சீட்டு தைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ப்ரீடர் விதைக்குப் பொன்மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். சான்று பெற்ற நெல் என்றால் குறைந்தது 80% முளைக்க வேண்டும், 98% சுத்தமாக இருக்க வேண்டும். தவறினால் 1966-ன் விதைச் சட்டப்படி கேள்வி கேட்க ஓர் அதிகாரி இருக்கிறார். தஞ்சாவூரில் இருக்கும் உங்கள் பெரியப்பாவுக்கு இந்த உரிமை இருக்கிறது.

ரூம்மேட்டின் பாக்கெட்டுக்கு அப்படி யாரும் இல்லை. அதில் 'ஆட்டோ' என்று எழுதி ஃபோட்டோபீரியட் விதை இருந்தாலும், விதையே முளைக்காவிட்டாலும், எந்த அலுவலகத்திலும் புகார் கொடுக்க முடியாது. போதாததற்கு, வெளிநாட்டிலிருந்து எந்த விதை வந்தாலும் 2003-ன் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதியும் சான்றிதழும் வேண்டும். கூரியரில் வந்துவிட்டது என்பதால் அது சட்டபூர்வம் ஆகிவிடாது.

அப்போ 'ஹைட்ரோ'?

மும்பை விமான நிலையச் செய்திகளில் அடிக்கடி வரும் சொல் இது. பாங்காக்கிலிருந்து வந்த பயணியிடம் 'ஹைட்ரோபோனிக் வீட்' பறிமுதல் என்று வாராவாரம் ஏதாவது ஒன்று கண்ணில் படும். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு கட்டாயம் என்று மீண்டும் இறுக்கியது.

ஹைட்ரோ என்பது ரகம் இல்லை. மண் இல்லாமல் சத்துக் கரைசலில் வளர்க்கும் முறை. கீரையையும் அப்படி வளர்க்கிறார்கள். 'அங்கே கடையில் பில்லோடு வாங்கினேன்' என்பது இங்கே எடுபடாது. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவருவதற்கு என்டிபிஎஸ் சட்டத்தில் தனியாக 23-வது பிரிவே இருக்கிறது.

சரி, சட்டம் என்னதான் பார்க்கிறது?

1985-ன் என்டிபிஎஸ் சட்டத்தில் ஆட்டோ, இண்டிகா, ஹைட்ரோ எந்தச் சொல்லும் இல்லை. அது கேட்பது நான்கே கேள்விகள்.

1. செடியின் எந்தப் பகுதி?

சட்டப்படி கஞ்சா என்றால் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி. அந்த நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் வரையறைக்குள் வராது. 2022-ல் ஒரு முன்ஜாமீன் மனுவில் மும்பை உயர் நீதிமன்றமும் இதைச் சுட்டிக்காட்டியது. ரூம்மேட் சொன்ன பாதி உண்மை இதுதான். இலையிலிருந்து செய்யும் பாங் இதனால்தான் என்டிபிஎஸ்ஸுக்கு வெளியே நிற்கிறது. ஆனால் மகாராஷ்டிராவில் 1949-ன் மதுவிலக்குச் சட்டம் அதைத் தனியாகக் கட்டுப்படுத்துகிறது.

2. எத்தனை கிராம்?

2001 அக்டோபர் அறிவிக்கையின்படி கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் 'சிறிய அளவு'. 20 கிலோவுக்கு மேல் போனால் 'வணிக அளவு'. பிசினான சரஸுக்கு இதே எல்லைகள் 100 கிராம், 1 கிலோ. சிறிய அளவுக்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடுவில் இருந்தால் 10 வருடம் வரை. வணிக அளவுக்குக் குறைந்தது 10, அதிகபட்சம் 20 வருடம். ஜாமீனும் கிட்டத்தட்ட எட்டாக்கனி. டிஹெச்சி 5% ஆக இருந்தாலும் 25% ஆக இருந்தாலும் தராசு ஒன்றுதான். கலவைப் பொருளில் தூய போதைப்பொருளை மட்டும் பிரித்துப் பார்க்கக் கூடாது, மொத்த எடையையும் எடுக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

3. வளர்த்தீர்களா?

இங்கேதான் ரூம்மேட்டின் கணக்கு உடைகிறது. 20-வது பிரிவில், செடி வளர்ப்பதற்கு 'சிறிய அளவு' என்ற சலுகையே இல்லை. ஒரு செடியோ ஒரு தோட்டமோ, 10 வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தின் இந்த விநோதத்தை ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். 900 கிராம் கஞ்சாவோடு பிடிபடுபவருக்கு அதிகபட்சம் ஒரு வருடம். பால்கனித் தொட்டியில் ஒரு செடி வைத்தவருக்கு அதிகபட்சம் பத்து. நீதிபதி குறைவாகவும் கொடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் வழக்கு நடக்கும் வருடங்களில் பாஸ்போர்ட், விசா, வேலைக்கான பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

4. யாருடைய இடம்?

25-வது பிரிவு இது. ஒரு வீட்டின், அறையின் சொந்தக்காரரோ, குடியிருப்பவரோ, அந்த இடத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரோ, அங்கே இந்தக் குற்றம் நடக்கத் தெரிந்தே அனுமதித்தால் அந்தக் குற்றத்துக்கான அதே தண்டனை. ஒப்பந்தத்தில் இருப்பது உங்கள் பெயர். 'தெரிந்தே' என்பதுதான் முக்கியச் சொல். தொட்டி உங்கள் கண்முன் வளர்ந்தால், தெரியாது என்று சொல்வது கஷ்டம்.

யார் மாட்டுகிறார்கள்?

பாக்கெட்டில் மட்டும் இல்லை, ஏரியாக்களிலும் லேபிள் ஒட்டுகிறது இந்த நகரம். தாராவியில் வளர்ந்த தமிழர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், முகவரியைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை.

மும்பை மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் 2017, 2018 இரண்டு வருடங்களில் முடிந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட என்டிபிஎஸ் வழக்குகளை விதி சென்டர் ஃபார் லீகல் பாலிசி ஆராய்ந்தது. ஏறக்குறைய எல்லாமே சொந்த உபயோக வழக்குகள். அவற்றில் மிகப் பெரும்பான்மை கஞ்சா. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் தெருவோரத்திலும் குடிசைப் பகுதிகளிலும் வாழ்பவர்கள், தினக்கூலிகள். தண்டனை பெற்றவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். ஒப்புக்கொண்டால் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். வழக்காடினால் நாள்கூலி போகும்.

இண்டிகாவா சாட்டிவாவா என்று பேச நேரம் இருப்பவர்கள் ஒரு பக்கம். பத்து ரூபாய்ப் பொட்டலத்துக்குக் குற்றப்பதிவு வாங்குபவர்கள் இன்னொரு பக்கம். சட்டத்தின் எழுத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பிரிவுதான். கதவு வைத்த ஃப்ளாட்டும் கதவில்லாத தெருவும் சோதனைக்குச் சமமாகத் திறந்திருப்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

சட்டம் மாறுகிறதா?

கொஞ்சம், வேறு வாசல் வழியாக. நாருக்காகவும் விதைக்காகவும் கஞ்சா இனச் செடியை வளர்க்க அனுமதிக்கும் வழி 14-வது பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது. உத்தராகண்ட் 2018-ல் டிஹெச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் இல்லாத ஹெம்ப் செடிக்கு உரிமம் தரத் தொடங்கியது. 2025 ஜனவரியில் இமாச்சல் அரசு ஒரு சோதனைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2021-ல் எஃப்எஸ்எஸ்ஏஐ ஹெம்ப் விதை, அதன் எண்ணெய், மாவு ஆகியவற்றை உணவாக விற்க அனுமதித்தது, முளைக்காத விதையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அந்த 0.3% எங்கிருந்து வந்தது? 1976-ல் ஸ்மால், க்ரான்க்விஸ்ட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் ஒரே இனத்தை இரண்டாகப் பிரிக்க வசதியாக வரைந்த கோடு. எங்காவது ஒரு கோடு வேண்டுமே என்று போட்டது, இன்று பல நாடுகளில் விவசாயிக்கும் குற்றவாளிக்கும் நடுவே நிற்கிறது. ஆனாலும் அது ஆய்வகத்தில் அளந்து பார்க்கக்கூடிய எண். ஆட்டோ, இண்டிகா போன்ற விற்பனைச் சொற்களைவிட நேர்மையான லேபிள் அதுதான்.

அந்த ரூம்மேட்டுக்கு என்ன சொல்லலாம்?

அவர் பாணியிலேயே சொல்லலாம்: "மச்சி, விதை கஞ்சா இல்லங்கறது கரெக்ட். மண்ணுல போட்ட நிமிஷம் கதை மாறிடும். கேஸ் உன் பேர்ல மட்டும் நிக்காது, என் பேர்லயும் வரும்." இதைச் சொல்வதற்கு நீங்கள் ஒழுக்கப் பிரசங்கி ஆக வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவராக இருந்தால் போதும்.

இன்னும் இரண்டு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் உடலைச் சோதனையிடும்போது, கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்க 50-வது பிரிவு உரிமை தருகிறது. பெண்களைப் பெண்தான் சோதிக்க வேண்டும். அடுத்தது, பழக்கத்துக்கு அடிமையானவர், உபயோகம் அல்லது சிறிய அளவு தொடர்பான வழக்கில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், 64ஏ பிரிவின் கீழ் வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்கும். சிகிச்சைக்கு எங்கே போவது என்று தெரியாவிட்டால், மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் இலவச உதவி எண் 14446.

பாக்கெட் இப்போது மேசை மேல் இருக்கிறது. இன்னும் அது விதைதான். தொட்டியில் மண் போடுவதற்கு முன்னால் பேசிவிடுங்கள்.